மூன்று மாத இன்ட்ராடே லாபத்தை நம்பி வேலையை விடலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட மாதிரி ஒரு முறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு 26 வயது, வீடு தண்டையார்பேட்டை, மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை, கையில் வருவது 24,000. சேர்த்து வைத்த 2 லட்சத்தை வைத்து மூன்று மாதமாக சொமேட்டோ, பேடிஎம், நைகா போன்ற இணைய நிறுவனப் பங்குகளில் இன்ட்ராடே, அதாவது அன்றே வாங்கி அன்றே விற்பது, செய்கிறீர்கள். ஒரு தடவைக்கு சுமார் ஒரு லட்சம், ஒரு நாளைக்கு சராசரியாக நான்கு டிரேடு. ஆப் 38,000 லாபம் காட்டுகிறது, அதில் 14,000 ஒரே நாளில் வந்தது. அம்மாவின் நகையை வைத்து இன்னும் 3 லட்சம் வாங்கிப் போட்டு, வேலையை விட்டு இதையே முழுநேரமாகச் செய்யலாமா, அதற்கு எந்த இண்டிகேட்டர் (விலைப் போக்கைக் கணக்கிட்டுக் காட்டும் சார்ட் கருவி) நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். இண்டிகேட்டரை அப்புறம் பார்க்கலாம். உங்கள் மனதில் இருக்கும் கேள்வி, ‘இந்த 38,000 என் திறமையா, இல்லை தானாக வந்ததா’ என்பதுதான் என்று நினைக்கிறேன். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் 1998-ல் செகண்ட் லைன் பீச்சில் ஒரு புரோக்கர் ஆபீஸில் டெர்மினலில் ஆர்டர் போடும் பையனாகச் சேர்ந்தவன். மெட்ராஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் அந்தத் தெருவில்தான் இருந்தது. 2015-ல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் உத்தரவோடு அது மூடப்படும் வரைக்கும் அந்தத் தெருவே பங்குக்காரர்களின் தெரு. அதன்பிறகு ராயபுரத்தில் சில வருடம் சப்-புரோக்கராக இருந்தேன். இப்போது டிரேடிங் செய்பவர்களுக்கு வருமான வரிக் கணக்கு போட்டுக் கொடுக்கிறேன். அதாவது வெளியில் ஒருவர் என்ன சொல்கிறார் என்பதையும் அவருடைய கணக்கு என்ன சொல்கிறது என்பதையும் ஒவ்வொரு ஜூலை மாதமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவன். இரண்டும் ஒன்றாக இருந்து நான் பார்த்தது மிகக் குறைவு.

முதலில் உங்கள் கணக்கைப் போடுவோம், இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஒரு லட்சத்துக்கு வாங்கி அன்றே விற்றால், குறைந்த கட்டணம் வாங்கும் புரோக்கரிடம்கூட வாங்க 20, விற்க 20 என்று 40 ரூபாய் போகும். விற்கும்போது பங்குப் பரிவர்த்தனை வரி 0.025 சதவீதம், அது 25 ரூபாய். எக்ஸ்சேஞ்ச் கட்டணம் ஏறக்குறைய 6 ரூபாய், முத்திரைத் தீர்வை 3 ரூபாய், புரோக்கரேஜுக்கும் எக்ஸ்சேஞ்ச் கட்டணத்துக்கும் சேர்த்து 18 சதவீதம் ஜிஎஸ்டி. எல்லாம் கூட்டினால் ஒரு சுற்றுக்கு சுமார் 82 ரூபாய். ஒரு நாளைக்கு நான்கு, மாதத்துக்கு 20 நாள், மூன்று மாதத்தில் 240 சுற்று. 240-ஐ 82-ஆல் பெருக்குங்கள், 19,680 ரூபாய். பல ஆப்களில் முன்பக்கம் தெரிகிற லாபத்தில் இந்தச் செலவு கழிந்திருக்காது. உங்கள் ஆப்பிலும் அப்படித்தான் என்றால் 38,000 என்பது 18,000 சொச்சம் ஆகிவிடுகிறது. அந்த 14,000 வந்த ஒரு நாளை எடுத்துவிட்டால், மிச்சம் இருக்கும் எல்லா நாளும் சேர்ந்து உங்களுக்குக் கொடுத்தது 4,000 ரூபாய்தான். மூன்று மாதம் யார்டில் டிரெய்லர்கள் நடுவே போனைப் பார்த்துக்கொண்டு நின்றதற்கு 4,000. (அதை முதலில் நிறுத்துங்கள். அந்த இடத்தில் போனைப் பார்த்துக்கொண்டு நடப்பது பண நஷ்டத்தை விடப் பெரிய ஆபத்து.)

ஆக, உங்கள் லாபம் ஒரே நாளின் மேல் நிற்கிறது. அந்த நாள் ஏன் அப்படி ஏறியது என்பது அன்று காலையில் உங்களுக்குத் தெரியுமா? தெரிந்துதான் வாங்கினீர்களா, இல்லை வாங்கியிருந்தபோது ஏறியதா? இதற்கு நீங்கள் உங்களுக்குள் நேர்மையாகப் பதில் சொன்னால் போதும்.

இணைய நிறுவனப் பங்குகளில் இது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். ஒரு சிமென்ட் கம்பெனிக்கு லாபம் இருக்கிறது, டிவிடெண்ட் இருக்கிறது, விலை ரொம்ப இறங்கினால் அதைப் பார்த்து வாங்க ஆள் வருவார்கள். சொமேட்டோ 2021 ஜூலையில் பட்டியலிடப்பட்டபோது அதற்கு முந்தைய நிதியாண்டில் 816 கோடி நஷ்டம். 76 ரூபாய்க்குக் கொடுத்த பங்கு 116-ல் தொடங்கியது, அந்த நவம்பரில் 160-ஐத் தாண்டியது. அந்த விலைக்கு அடியில் லாபம் என்கிற தரை இல்லை. பத்து வருடம் கழித்து என்ன ஆகும் என்கிற நம்பிக்கை மட்டும்தான். அந்த மாதிரிப் பங்கின் விலையைக் குறுகிய காலத்தில் நகர்த்துவது, இன்றைக்கு யார் கையில் எவ்வளவு சரக்கு இருக்கிறது, யார் விற்றே ஆக வேண்டும் என்பதுதான். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்துக்குப் போயிருப்பீர்கள். பத்து படகு வர வேண்டிய இடத்தில் நாற்பது படகு ஒன்றாக வந்தால் வஞ்சிரத்தின் ருசி ஒன்றும் குறைந்துவிடாது, ஆனால் விலை பாதியாகிவிடும். 2022 ஜூலையில் சொமேட்டோவுக்கு நடந்தது அதுதான். பட்டியலிடுவதற்கு முன்பே பங்கு வைத்திருந்தவர்கள் ஒரு வருடம் விற்கக் கூடாது என்கிற லாக்-இன் ஜூலை 23-ல் முடிந்தது. மொத்தப் பங்கில் முக்கால் பாகத்துக்கு மேல் அதில் அடங்கியிருந்தது. அடுத்த திங்கட்கிழமை ஒரே நாளில் 11 சதவீதம் சரிவு, அந்த வாரமே 40 ரூபாய் பக்கம் வந்துவிட்டது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஊபர் தன் கையில் இருந்த மொத்தத்தையும் 50 ரூபாய் சுமாருக்கு விற்று வெளியேறியது. அந்த நாட்களில் சார்ட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ‘ரொம்ப விழுந்துவிட்டது, இனி ஏறும்’ என்று தெரிந்திருக்கும். தேதியைக் குறித்து வைத்திருந்தவருக்கு வேறு ஒன்று தெரிந்திருக்கும். அதே சொமேட்டோ 2024 டிசம்பரில் 300 ரூபாயைத் தொட்டு, சென்செக்ஸிலும் சேர்ந்தது. இப்போது எட்டர்னல் என்று பெயர். கம்பெனி ஜெயித்தது உண்மை. ஆனால் 40-க்கு வாங்கி 44-க்கு விற்று சந்தோஷப்பட்டவர்களுக்கு அதனால் என்ன பயன்?

பேடிஎம் அதற்கு எதிர்ப்பக்கம். 2021 நவம்பரில் 2,150 ரூபாய்க்கு வெளியிட்டார்கள், 18,300 கோடி ரூபாய் வெளியீடு. முதல் நாளே 27 சதவீதம் இறங்கி முடிந்தது. பிறகு 2024 ஜனவரி 31, புதன்கிழமை சாயங்காலம், பேடிஎம் பேமென்ட்ஸ் பேங்க் மேல் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்த செய்தி வந்தது. அன்று 761-ல் முடிந்த பங்கு மறுநாள் 609-ல் லோயர் சர்க்யூட், அதற்கு மறுநாள் 487-ல் லோயர் சர்க்யூட். லோயர் சர்க்யூட் என்றால் விலை குறைந்தது என்பது மட்டும் இல்லை தம்பி, நீங்கள் விற்கத் தயாராக இருந்தாலும் எதிரில் வாங்க ஆளே இல்லை என்று அர்த்தம். ‘இந்த விலைக்கு இறங்கினால் தானாக விற்றுவிடு’ என்கிற ஸ்டாப் லாஸ் ஆர்டர் போட்டிருந்தாலும் அது வெறும் வரிசையில் நிற்கும். அப்போது பேடிஎம் எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்னும் முன்பேர ஒப்பந்த வியாபாரம்) பட்டியலில் இல்லை, அதனால் ஒரு நாளைக்கு 20 சதவீதம் என்று வரம்பு இருந்தது. 2024 நவம்பர் கடைசியில் இந்த மூன்று பங்குகளும் எஃப் அண்ட் ஓ-வில் சேர்ந்தன. அந்த மாதிரி நிலையான வரம்பு இப்போது இல்லை, ஆகவே விற்க முடியாமல் மாட்டிக்கொள்வது குறையும், ஒரே நாளில் இன்னும் ஆழமாக விழவும் வழி உண்டு.

‘நான் இன்ட்ராடேதானே செய்கிறேன், ராத்திரி செய்தி என்னை என்ன செய்யும்’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அன்றன்றைக்கே முடித்துவிட்டால் ஒன்றும் செய்யாது. ஆனால் நான் பார்த்த நஷ்டக் கணக்குகளில் பெரும்பாலானவை இன்ட்ராடேயில் முடிந்தவை இல்லை. மூன்று மணிக்கு 3,000 ரூபாய் நஷ்டத்தில் நிற்கும், 3:20-க்கு புரோக்கரே ஸ்கொயர் ஆஃப் செய்து கணக்கை முடித்துவிடுவார் என்று தெரியும், மனசு கேட்காமல் ‘நாளைக்கு ஏறிவிடும்’ என்று டெலிவரிக்கு, அதாவது முழுப் பணம் கட்டிப் பங்கைக் கையில் வைத்துக்கொள்வதற்கு, மாற்றுவார்கள். பணம் போதாவிட்டால் புரோக்கர் கொடுக்கும் மார்ஜின் கடனில் மாற்றுவார்கள், அதற்குத் தினமும் வட்டி. இன்ட்ராடே என்று ஆரம்பித்தது இப்படித்தான் கடனில் வாங்கிய முதலீடாக மாறுகிறது. கொருக்குப்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படி மாற்றி மாற்றி, விலை இறங்க இறங்க மேலும் வாங்கி ஆவரேஜ் செய்து, 4 லட்சம் இருந்த கணக்கை ஒன்பது மாதத்தில் 70,000-க்குக் கொண்டு வந்தார். அவர் ஒரு நாளும் பெரிய தப்பு செய்யவில்லை. சின்னச் சின்னதாக, ஒவ்வொரு தடவையும் ஒரு நல்ல காரணத்தோடு செய்தார்.

இப்போது செபி வெளியிட்ட கணக்கு, ஏனென்றால் நான் பார்த்த அறுபது எழுபது பேரை வைத்து ஊருக்குத் தீர்ப்பு சொல்ல முடியாது. 2024 ஜூலையில் செபி இன்ட்ராடே பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. 2022-23-ல் பங்குகளில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் 10-ல் 7 பேர் நஷ்டம். 30 வயதுக்குக் கீழே உள்ளவர்களில் 76 சதவீதம் நஷ்டம். வருடத்துக்கு 500-க்கு மேல் டிரேடு செய்தவர்களில் 80 சதவீதம் நஷ்டம். நஷ்டமடைந்தவர்கள் அந்த நஷ்டத்துக்கு மேலே அதில் இன்னொரு 57 சதவீதம் அளவுக்குக் கட்டணமாகவும் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் 26 வயது, வருடத்துக்கு 960 டிரேடு வேகத்தில் போகிறீர்கள். எஃப் அண்ட் ஓ இதை விட மோசம், 2022 முதல் 2024 வரை மூன்று நிதியாண்டில் 93 சதவீதம் பேர் நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். ‘பழகப் பழக வந்துவிடும்’ என்று நீங்கள் எழுதியிருந்ததால் இதையும் சொல்கிறேன். பிரேசிலில் ஃப்யூச்சர்ஸில் தினசரி வியாபாரம் ஆரம்பித்து 300 நாளுக்கு மேல் விடாமல் செய்தவர்களை எடுத்து ஆராய்ந்தார்கள், 97 சதவீதம் பேர் நஷ்டம்தான். அது வேறு நாடு, வேறு சந்தை, அப்படியே நமக்குப் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பழக்கம் மட்டும் போதாது என்பதற்கு அது ஓர் ஆதாரம்.

இது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. 1999-ல் நம் சென்னையின் சத்யம் இன்ஃபோவே அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது, நவம்பரில் இந்தியாவேர்ல்டு என்கிற இணையதள நிறுவனத்தை 499 கோடிக்கு வாங்கப் போவதாக அறிவித்தது. எங்கள் ஆபீஸில் அன்றைக்கு யாரும் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. கம்ப்யூட்டர், இன்டர்நெட் என்று பெயரில் இருந்தாலே விலை ஏறும் காலம். அப்போது வாரத்துக்கு ஒரு தடவை கணக்கைத் தீர்த்தால் போதும், ஆகவே கையில் பணம் இல்லாமலே ஒரு வாரம் வாங்கி விற்கலாம். நானும் செய்தேன். மூன்றரை மாதம் லாபம். பிறகு அக்காவின் கல்யாணத்துக்கு அப்பா போட்டு வைத்திருந்த 60,000-ஐ வாங்கி ஒரு சாஃப்ட்வேர் பங்கில் போட்டேன். 2000 மார்ச் 10-ல் நாஸ்டாக் குறியீடு 5,048-ல் முடிந்தது, 2002 அக்டோபரில் 1,114-க்கு வந்தது. இங்கே 2001 மார்ச்சில் கேத்தன் பாரேக் என்கிற புரோக்கரின் பங்கு மோசடி விவகாரம் வெடித்தது. என் 60,000 கடைசியில் 5,000-க்கு விற்றது. அக்கா கல்யாணம் ஒன்றரை வருடம் தள்ளிப் போனது. அக்கா இது வரைக்கும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அப்பா கேட்டார். அமேசான் 1999 டிசம்பரில் 100 டாலருக்கு மேல் இருந்து 2001-ல் 6 டாலருக்குக் கீழே வந்தது என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள், ‘அப்புறம் எவ்வளவு ஏறியது பார்’ என்று முடிக்கிறார்கள். அந்த இரண்டு வருடத்தைக் கடனில் யாராலும் தாண்டியிருக்க முடியாது.

சரி, இண்டிகேட்டர். இங்கேதான் உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி வருகிறது. ஆர்எஸ்ஐ, விவாப், மூவிங் ஆவரேஜ் எதுவும் பொய் இல்லை, எல்லாம் நடந்து முடிந்த விலையை வேறு மாதிரி வரைந்து காட்டுவது. அதில் நாளைய விலை இருக்கிறதா என்பதில் படித்தவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. என் அனுபவத்தில், வருடக்கணக்காக லாபத்தில் நிற்கும் இன்ட்ராடேக்காரர்கள் இரண்டு பேரைத் தெரியும். ஒருவருக்கு ஆண்டர்சன் தெருவில் காகித வியாபாரம். மாதத்தில் ஐந்தாறு நாள் மட்டும் கை வைப்பார், பெரும்பாலும் காலாண்டு முடிவு வந்த மறுநாள். ஒரு சதவீதம் எதிராகப் போனால் வெளியே வந்துவிடுவார், அன்றைக்கு மறுபடி அந்தப் பங்கைப் பார்க்கவே மாட்டார். அவர் பயன்படுத்தும் சார்ட்டில் ஒரே ஒரு கோடுதான். அது திறமையா, அவர் கடை வருமானம் கொடுக்கும் நிதானமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கடை கொடுக்கும் நிதானமாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். அடுத்த மாத வாடகைக்கு இதை நம்பாததால் அவரால் சும்மா இருக்க முடிகிறது.

அதனால்தான் வேலையை விடுவதை நான் பயத்தோடு பார்க்கிறேன். கணக்கைப் பாருங்கள். 24,000 சம்பளத்தை ஈடுகட்ட வேண்டும், 3 லட்சம் நகைக்கடனுக்கு மாதம் ஒரு சதவீதம் என்று வைத்தாலும் 3,000 வட்டி, ஆக 27,000. இப்போது ஒரு லட்சமாகப் போடுவதை ஐந்து லட்சமாகப் போட்டு அதே வேகத்தில் போனால் ஒரு சுற்றுக்குச் செலவு சுமார் 220 ரூபாய், மாதத்துக்கு 80 சுற்றுக்கு 17,600. அதாவது 5 லட்சத்தில் மாதாமாதம் 45,000 பக்கம், 9 சதவீதம் சம்பாதித்தால்தான் இன்று இருக்கும் இடத்திலேயே நிற்பீர்கள். பிஎஃப்-பை இன்னும் நான் சேர்க்கவில்லை. அது வராதபோது என்ன செய்வோம் என்றால், புரோக்கர் கொடுக்கும் ஐந்து மடங்கு மார்ஜினை முழுசாக எடுப்போம். 5 லட்சத்துக்கு 25 லட்சம் சரக்கு. இந்தப் பங்குகள் 4 சதவீதம் ஆடுவது அதிசயம் இல்லை, ஒரு லட்சம் போய்விடும். அது பணம் என்றால்கூடப் பரவாயில்லை, அம்மாவின் நகை.

நீங்கள் மாதம் 3,000 கட்டும் டெலிகிராம் குழு பற்றி. ‘இதை வாங்கு, அதை விற்றுவிடு’ என்று ‘கால்’ கொடுப்பவருக்குச் செபி பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். ரிசர்ச் அனலிஸ்ட் என்றால் ஐஎன்ஹெச், முதலீட்டு ஆலோசகர் என்றால் ஐஎன்ஏ என்று தொடங்கும், செபி தளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். பதிவு பெற்றவர் யாரும் இவ்வளவு லாபம் நிச்சயம் என்று சொல்லக் கூடாது. அவர்கள் தனி ஆப் ஒன்றை இறக்கிப் பணம் போடச் சொன்னால் அந்த நிமிடமே வெளியே வாருங்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள்.

வரியையும் சொல்லிவிடுகிறேன். இன்ட்ராடே லாபம் சட்டப்படி ஊக வணிக வருமானம். சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 இதற்குச் செல்லாது, ஐடிஆர்-3 போட வேண்டும். உங்கள் வருமானத்துக்கு வரி கட்ட வேண்டி வராது. ஆனால் நஷ்டம் வந்தால், கெடு தேதிக்குள் கணக்கு தாக்கல் செய்தால்தான் அதை அடுத்த நான்கு வருடத்துக்கு எடுத்துச் செல்லலாம், அதுவும் ஊக வணிக லாபத்தில் மட்டும்தான் கழிக்கலாம், சம்பளத்தில் கழிக்க முடியாது.

உங்களுக்கு இந்த வியாபாரம் பிடித்திருக்கிறது என்பது எழுத்திலேயே தெரிகிறது, அதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை, சொன்னால் கேட்கவும் மாட்டீர்கள். 50,000 மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டு, மீதி ஒன்றரை லட்சத்தை வங்கிக்கு எடுத்துவிடுங்கள். மார்ஜின் வேண்டாம். ஒரு நோட்டுப் போட்டு, வாங்குவதற்கு முன்பே ஏன் வாங்குகிறேன், எந்த விலையில் தப்பு என்று ஒத்துக்கொள்வேன் என்று இரண்டு வரி எழுதுங்கள், வாங்கிய பிறகு எழுதக் கூடாது. விடுமுறை நாளில் அல்லது மதிய ஷிஃப்ட் இருக்கும் நாள் காலையில் மட்டும் செய்யுங்கள். ஒரு வருடம் இப்படிப் போகட்டும், சந்தை இறங்கும் மாதங்களும் அதில் வரட்டும். நீங்கள் டிரேடு செய்த மூன்று மாதம் எந்த மாதிரி மாதங்கள் என்று நிஃப்டியின் சார்ட்டைத் திறந்து பாருங்கள், அப்போது சந்தையே ஏறிக்கொண்டிருந்ததா என்று. எட்டர்னல் மாதிரி கம்பெனிகள் வளரும் என்று உண்மையாகவே நம்பினால் அதற்குத் தனியாக மாதம் ஆயிரம் இரண்டாயிரம் டெலிவரியில் வாங்கி வையுங்கள், இன்ட்ராடே கணக்கோடு கலக்காமல்.

இன்று ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். ஆப்பில் ரிப்போர்ட்ஸ் என்று இருக்கும், அதில் மூன்று மாதத்துக்கான லாப நஷ்ட அறிக்கையை இறக்கினால் ‘சார்ஜஸ்’ என்று தனி வரி வரும். அதைக் கழியுங்கள், 14,000 வந்த நாளையும் கழியுங்கள், மிச்சம் எவ்வளவு என்று இங்கேயே எழுதுங்கள். நான் மேலே போட்ட 4,000 தப்பாக இருந்தால் திருத்திக்கொண்டு உங்களோடு உட்கார்ந்து மறுபடி பார்க்கிறேன். நகையை மட்டும் அது வரைக்கும் பீரோவிலேயே விட்டு வையுங்கள்.